வீட்டிலும் புழக்கடையிலும் நீர்ச் செட்டு

கூட்டுறவுச் சங்கங்களின் கடன் பதிவேடுகளை ஆய்ந்து வரும் பணியில் உள்ள நமக்கு, வறட்சியைப் பற்றிய செய்தி வானிலை அறிக்கையினின்று வருவதற்கு முன்பே பேரேட்டினின்று வந்துவிடுகிறது. கோடை முதிர்ந்ததும் கிணற்றைத் தூரெடுக்கவும், ஆழப்படுத்தவும், புதிதாகப் போர் போடவும் கடன் கேட்டு விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். அவ்வாறு கடன் பெற்றவர்களுள் நீர் கண்டவர் தவணை தவறாமல் செலுத்திவிடுகிறார். நீர் காணாதவரின் கணக்கோ, வறண்ட துளை ஒன்றையே ஈடாகக் காட்டிக்கொண்டு, வட்டி ஏறி ஏறி நிலுவைப் பட்டியலில் நின்றுவிடுகிறது. இத்தகைய நிலுவைகளுள் சில தோட்டப் பாசனத்தின்பொருட்டு ஏற்பட்டவையும் அல்ல. நான்கைந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் வீட்டுச் செலவுக்காகப் போட்ட போர்களால் ஏற்பட்டவை. வீட்டு நீருக்காக ஒரு நெசவாளர் தறியை அடகு வைக்கும் நிலை வருமானால், அந்த வீட்டில் நீர் எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு போதும், எவ்வளவு கூரையின்மேல் விழுந்து தெருவில் ஓடுகிறது என்ற கணக்கைப் பார்ப்பது, கடன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வதற்கு முன் செய்யவேண்டிய காரியமாகும்.

ஆழமாகத் தோண்டினால் நீர் கிடைத்தே தீரும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை நிலம். ஆற்று மணலில் நீர் பரவித் தங்குவதுபோல் பாறையில் தங்குவதில்லை. மேற்புறத்தில் சிதைந்து பொருபொருத்துப்போன படலத்திலும், அதன்கீழ் ஆங்காங்கே உள்ள வெடிப்புகளிலுமே அது தங்குகிறது. ஆழம் மிகுந்தோறும் இவ்வெடிப்புகள் குறுகி அருகிவிடுகின்றன. ஆகவே 300 அடியில் காணாத நீர் 1,000 அடியில் காணும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. கோவை, திருப்பூர் வட்டாரங்களில் 1,000 அடியைத் தாண்டியும் புழுதியை மட்டுமே கண்ட துளைகள் உண்டு. அங்கெல்லாம் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியதே. மாநிலத்தின் சராசரியான 900 சொச்சத்திற்கும் அது குறைவு. எடுக்கும் வேகத்திற்கு ஈடாக உள்ளே இறங்குவதற்கு நீர் எங்கிருந்து வரும்?

ஏற்றமும் கவலையும் இருந்த நாளில் ஒரு சால் நீரின் எடை என்ன என்பதை மனிதனின் தோளும் மாட்டின் கழுத்தும் அறிந்திருந்தன. விசையைத் தட்டினால் நீர் வரும் இந்நாளில் அந்த அறிவு நம்மைவிட்டு நீங்கிவிட்டது. தெருக்குழாயில் நின்று இடுப்பில் சுமந்து வரும் பெண்களுக்கு மட்டுமே அது இன்னும் எஞ்சியிருக்கிறது. நெசவாளர் வீட்டில் இதற்குக் கூலிக் கணக்கும் உண்டு. தார் சுற்றுபவர் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கப் போனால் இராட்டினம் நின்றுவிடும். இராட்டினம் நின்றால் சற்று நேரத்தில் நாடாவும் நின்றுவிடும். குடத்தில் வரும் நீருக்கு விலை கிடையாது என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் அளவை அறிதல் வேண்டும். நம் வீடுகளில் வழங்கும் குடம் பெரும்பாலும் 15 லிட்டர் கொள்ளும். 2019இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிட்டார்கள். அதாவது நான்கு குடத்திற்கும் சற்றுக் குறைவு. ஐவர் உள்ள வீட்டிற்கு 275 லிட்டர், ஏறத்தாழப் பதினெட்டுக் குடம். உங்கள் வீட்டில் எத்தனைக் குடம் செலவாகிறது? ஒரு வாரத்திற்குச் சமையலறைச் சுவரில் குடத்துக்கு ஒரு கரிக்கோடு இட்டு வாருங்கள். குழாய் உள்ள வீட்டினர் 15 லிட்டர் வாளி ஒன்று நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், குழாய் திறந்திருக்கும் நேரத்தைக்கொண்டே செலவை அறியலாம். இதைச் செய்து பார்த்த அங்கத்தினர்கள் பலர் வியப்படைந்ததை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் குளியலறையையே சந்தேகித்திருந்தார்கள். நீர் போனதோ பாத்திரம் துலக்கும் முற்றத்தில். குழாயைத் திறந்துவிட்டுத் துலக்கினால் நிமிடத்திற்கு ஆறு, ஏழு லிட்டர் ஓடிவிடும். ஒரு தொட்டியில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, மற்றொரு தொட்டியில் அலசி எடுத்தால் அதே வேலை இரண்டு குடத்தில் முடியும்.

ஒழுகும் குழாயைப் பற்றி நீட்டி எழுதவேண்டியதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் சொட்டினால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆண்டுக்கு நூறு குடத்துக்கு மேல். நூலிழைபோல் ஒழுகினாலோ அதைப் போல் பல மடங்கு. இரண்டுக்கும் மருந்து ஒரு வாசர்தான். கழிப்பறையின் தொட்டி கசிகிறதா என்பதைக் கண்டறிய ஒரு எளிய வழி உண்டு. இரவில் அத்தொட்டிக்குள் சிறிது மஞ்சள் தூளையோ, சாயத் தூளையோ கரைத்துவிடுங்கள். காலையில் யாரும் விசையை அமிழ்த்தாமலே பீங்கானில் நிறம் தெரிந்தால், அடைப்பான் கெட்டுப்போயிற்று என்று பொருள். சாயத் தூளுக்கு நம் அங்கத்தினர்கள் வீட்டில் பஞ்சமா என்ன?

இனி, நெசவாளருக்கும் வீட்டுப் பெண்டிருக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய ஒரு விஷயத்தைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். அது அலசுவது பற்றியது. நூலோ துணியோ சுத்தமாக வேண்டுமானால் நிறைய நீரில் அலசவேண்டும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் நீரின் அளவைக் காட்டிலும், அதை எத்தனைத் தடவையாகப் பிரித்து அலசுகிறோம் என்பதே முக்கியம். 5 கிலோ சிட்டா நூலைச் சாயத் தொட்டியிலிருந்து எடுத்துப் பிழிந்தால், அதில் 5 லிட்டர் அழுக்கு நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அதை 60 லிட்டர் நல்ல நீரில் ஒரே தடவை அலசிப் பிழிந்தால், அழுக்கு 65 லிட்டரில் பரவி, நூலில் தங்கும் 5 லிட்டரில் முன்பிருந்ததில் 13இல் ஒரு பங்கு எஞ்சி நிற்கும். அதே 60 லிட்டரை 20, 20 லிட்டராக மூன்று தடவை பிரித்து, ஒவ்வொரு தடவையும் நன்றாகப் பிழிந்து அலசினால், முதல் அலசலில் ஐந்தில் ஒரு பங்கும், இரண்டாவதில் அதில் ஐந்தில் ஒரு பங்கும், மூன்றாவதில் அதிலும் ஐந்தில் ஒரு பங்குமாகக் குறைந்து, முடிவில் 125இல் ஒரு பங்கே எஞ்சும். நீர் ஒன்றே, சுத்தமோ ஏறத்தாழப் பத்து மடங்கு. நீரைக் குறைக்க எண்ணினால், 15 லிட்டர் வீதம் இரண்டே தடவை அலசினாலும் 16இல் ஒரு பங்குதான் எஞ்சும். அதாவது, பாதி நீரில் முன்னதைவிட நல்ல அலசல் கிடைத்துவிடுகிறது.

இதில் அடங்கியுள்ள இரகசியம் பிழிதலில் இருக்கிறது. பிழியாமல் சொட்டச் சொட்ட அடுத்த தொட்டியில் போட்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். மேலும், மூன்றாம் அலசலின் நீர் ஏறக்குறைய நல்ல நீரே ஆதலால், அதைக் கொட்டிவிடாமல் அதே நிறத்தில் அடுத்து வரும் நூலுக்கு முதல் அலசலாக வைத்துக்கொள்ளலாம். இவ்வாறு செய்தால் அடுத்த ஈடு நூலுக்கு 40 லிட்டர் புதுநீர் போதும். வீட்டில் துணி துவைப்பதற்கும் இந்த முறையே பொருந்தும்: சோப்பு நுரையை முதலில் பிழிந்து தள்ளிவிட்டுப் பிறகு சிறிது சிறிதாக மூன்று முறை அலசுவது, ஒரு பெரிய அண்டாவில் அமிழ்த்தி எடுப்பதைவிட மேல். கடைசி அலசல் நீர் மறுநாள் துணியை ஊறவைக்க உதவும்.

வீட்டில் செலவான நீரைப் புழக்கடைக்கு அனுப்புவது புதிய யோசனையன்று. குளித்த நீர் வாழைக்குப் போவதும், அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்குப் போவதும் தொன்றுதொட்டு நடப்பவை. எனினும் இக்காலத்துச் சோப்புத் தூளில் சோடிய உப்புகள் மிகுதி. களிமண் நிலத்தில் இவை தொடர்ந்து சேர்ந்தால் மண்ணின் பொருபொருப்புக் கெட்டு, நீர் உள்ளிறங்காமல் மேலேயே தேங்கும். ஆகையால் துணி துவைத்த நீரை ஒரே இடத்தில் நாள்தோறும் விடாமல் மாற்றி மாற்றி விடுதல் நல்லது. வாழை, சேம்பு, கல்வாழை, தென்னை ஆகியவை ஓரளவு தாங்கும். பச்சையாக உண்ணும் கொத்துமல்லி போன்றவற்றுக்கு இந்நீர் ஆகாது. பேதி கண்ட குழந்தையின் துணி துவைத்த நீரையும் விலக்கவேண்டும். எந்தக் கழிவுநீரையும் ஒரு நாளுக்குமேல் தேக்கிவைத்தால் நாறிப்போகும். செடிக்குத் தேவைப்படாத நீரை, செங்கல் ஜல்லி நிரப்பிய ஒரு மீட்டர் அகல ஆழமுள்ள உறிஞ்சுகுழியில் விட்டுவிடலாம். அக்குழி கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தொலைவில் இருப்பது அவசியம்.

சாய நீரை மட்டும் இந்தக் குழியிலும் விடக்கூடாது, செடிக்கும் விடக்கூடாது. நிறம் மண்ணில் வடிகட்டப்பட்டுவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நிறம் ஓரளவு நிற்கலாம். சாயத்தோடு போட்ட உப்பு நிற்காது. மணலாலும் கரியாலும் அதை வடிக்க முடியாது. அது நீரோடு நேரே இறங்கி, தெருவில் உள்ள எல்லோருடைய கிணற்றையும் சேர்ந்துவிடும். நொய்யல் ஆற்றின் கதை அங்கத்தினர்கள் அறிந்ததே. 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போயிற்று. முடிவில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை முழுவதும் சுத்திகரிக்காத பட்டறைகளை மூட ஆணையிட்டது. அன்று வேலை இழந்தவர்களும், அதற்குமுன் நிலத்தை இழந்தவர்களும் நம்மைப் போன்றவர்களே. வீட்டிலேயே சிறு அளவில் சாயம் தோய்ப்பவர்கள் அதைக் கைவிட்டு, சுத்திகரிப்பு வசதியுள்ள சாயச்சாலைக்கு நூலை அனுப்புவதே தக்கது. தனித்தனியே அனுப்பக் கூலி கட்டாதெனில் சங்கத்தின் மூலம் சேர்த்து அனுப்பலாம்.

புழக்கடைத் தோட்டத்திற்கு எவ்வளவு நீர் வேண்டும்? சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு சதுர மீட்டர் காய்கறிப் பாத்தி நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் நீரை ஆவியாக்கிவிடும். கால் சென்ட், அதாவது 10 சதுர மீட்டர் பாத்திக்கு 50 முதல் 60 லிட்டர் வரை. மூவர் குளித்த நீர் இதற்குச் சரியாகிவிடுகிறது. ஆகவே குடும்பத்தின் அளவே தோட்டத்தின் அளவுக்கும் எல்லை. அதற்குமேல் பாத்தி போடுபவர் நல்ல நீரைச் செலவிட்டே அதைக் காப்பாற்றவேண்டியிருக்கும். நண்பகலில் நீர் விடுவதைத் தவிர்த்து விடியற்காலையிலோ மாலையிலோ விடுவதும், மண்ணை வெறுமையாக வெயிலுக்குக் காட்டாமல் வைக்கோல், கரும்புத் தோகை, காய்ந்த இலை இவற்றால் மூடிவைப்பதும் செலவைப் பெரிதும் குறைக்கும். தென்னைக்கு அடிமரத்தில் நீர் ஊற்றுவது வீண். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்திக்குள்தான் நீரை உறிஞ்சும் வேர்கள் அதிகம். அப்பாத்தியில் உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பரப்பினால் ஈரம் நெடுநாள் நிற்கும்.

கொடிக்காய்களுக்குப் பானைப் பாசனம் போல் செட்டான முறை பிறிதில்லை. சீன நாட்டில் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுந்த வேளாண் நூல் ஒன்றிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. மெருகிடாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடி, சுற்றிலும் பாகல், சுரை, பூசணி விதைகளை ஊன்றவேண்டும். மண் காயும்போது பானை கசியும். மண் ஈரமாயிருக்கும்போது கசிவு தானே குறையும். வாங்கும்போது பானையில் நீர் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் வெளிப்புறம் ஒரே சீராக நனைந்திருந்தால் நல்ல பானை. உப்பு நீரை விட்டால் நாளடைவில் நுண்துளைகள் அடைபட்டுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரவு தலைக்குமேல் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 60 சதுர மீட்டர் கூரையுள்ள வீட்டின்மேல் 700 மில்லிமீட்டர் மழையில் ஆண்டுக்கு 42,000 லிட்டர் விழுகிறது. (ஓட்டின் சரிவை அளந்துவிடக் கூடாது, கூரை மறைக்கும் தரைப் பரப்பையே அளக்கவேண்டும்.) சிந்தியும் ஆவியாகியும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கு தள்ளினாலும் 33,600 லிட்டர் மிஞ்சும். ஐவர் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 5 லிட்டர் வீதம் நாளுக்கு 25 லிட்டர், ஆண்டுக்கு 9,125 லிட்டர். கூரை தருவதோ அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். ஆண்டு முழுவதற்கும் சேமிக்கவேண்டியதும் இல்லை. மார்கழிக்குப் பின் மழை காணாத ஐந்து மாதத்துக்கு, 150 நாளுக்கு, 3,750 லிட்டர் இருந்தால் போதும். உட்புறம் இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள தொட்டி 4,000 லிட்டர் கொள்ளும். இத்தகைய தொட்டிக்கு, ஆயிரம் அடிப் போர் ஒன்றுக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. அன்றியும், போரில் நீர் வருமா வராதா என்பது பாறைக்கே வெளிச்சம். கூரையில் மழை விழும் என்பதில் அந்த ஐயம் இல்லை. நிர்வாகக் குழுவினர் கடன் வழங்கும்போது இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

தொட்டியைப் பற்றிச் சில எச்சரிக்கைகள் உண்டு. முதல் மழையில் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கரைந்து வருமாதலால் அதை வெளியே விட்டுவிடவேண்டும். குழாயில் ஒரு திருப்பு வைத்துக்கொண்டால் இது எளிது. பிறகு வரும் நீர் கூழாங்கல், மணல், மரக்கரி அடுக்கிய பெட்டியின் வழியே இறங்கட்டும். தொட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். கொசு புகுந்தால் டெங்கு வரும். அந்நோயைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை, தெளிந்த நீரையே நாடுகிறது. ஆகவே எல்லா வாய்க்கும் வலை கட்டாயம். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். கல்நார்த் தகடு வேய்ந்த கூரையின் நீரையும், கூரைவேய்ந்த குடிசையின் நீரையும் குடிப்பதற்குச் சேர்க்காமல் கிணற்றுக்கோ தோட்டத்துக்கோ விட்டுவிடலாம். தொட்டி நிரம்பி வழிவதும் ஜல்லிக் குழி ஒன்றின் வழியே கிணற்றுக்குப் போகட்டும்.

2003இல் நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாய்கள் பல இன்றும் சுவரில் இருக்கின்றன. அவை இறங்கும் குழிகளோ மண்மூடிக் கிடக்கின்றன. சிலவற்றின்மேல் பூந்தொட்டியையும் பார்த்திருக்கிறோம். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னைக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் குடிநீர் கொண்டுபோக நேர்ந்தது. ஒரு ரயிலுக்கு 25 இலட்சம் லிட்டர். இது இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு வீதியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்து ஓடும் அளவே.

நெசவாளர்க்கு மழைநீரில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. அது மென்னீர். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் சுண்ணாம்பு உப்புகள் இருப்பதால் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகிறது. சாயத்தின் ஒளியும் மங்குகிறது. ஒரே அளவு சோப்பைக் கிணற்று நீரிலும் மழைநீரிலும் கரைத்து, இரண்டு புட்டியில் குலுக்கிப் பார்த்தால் வேற்றுமை தெரிந்துவிடும். 200 சதுர மீட்டர் கூரையுள்ள சங்கத்து நூல் கிடங்கின்மேல், முன் சொன்ன கணக்கின்படி ஆண்டுக்கு 1,12,000 லிட்டர் மென்னீர் இறங்கும். சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். பிறகு அங்கத்தினர் வீடுகள். வாசர், வலை, கூரைத் தூம்பு ஆகியவற்றை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆடிக்குள் ஓடு மாற்றி முடித்து, ஆவணிக்குள் தூம்பு பொருத்தினால்தான் ஐப்பசி மழை கைக்கு வரும். எனவே விருப்பமுள்ள அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுக் கூரையின் கீழ் விளிம்பு எத்தனை அடி நீளம் என்பதை அளந்து, ஆனி மாதத்துப் பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால், தூம்புக்கான கொள்முதல் பட்டியலை அவர் தயாரித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.